ஏசிக்குள் எரியும் நீல விளக்கு: அதன் கதை என்ன?



வண்ணாத்திவில்லு வெயில் நமக்குப் பழகிய வெயில். அப்படியிருந்தும் இப்போது கடை, வகுப்பறை, பள்ளிவாசல் என்று ஏசி பூட்டாத இடம் குறைந்து வருகிறது. கூடவே “ஏசிக்குள் யூவி விளக்குப் போட்டால் கிருமி எல்லாம் செத்துவிடும்” என்ற பேச்சும் வந்துவிட்டது. ஜமாஅத்தின் காசைச் செலவழிக்க முன்னர் இதன் வரலாற்றை நாம் ஒருமுறை பார்ப்போம்.

பாயையும் தலையணையையும் வெயிலில் போட வேண்டும் என்பது நம் உம்மாமார் அறிந்த விடயம். விஞ்ஞானம் அங்கு வந்துசேரக் கொஞ்சம் காலம் எடுத்தது. 1801இல் ஜேர்மனியைச் சேர்ந்த ரிட்டர், ஊதா நிறத்துக்கு அப்பால் கண்ணுக்குத் தெரியாத ஒளி இருப்பதைக் கண்டார். அதுதான் பிள்ளைகள் பாடப் புத்தகத்தில் படிக்கும் கழியூதாக் கதிர். 1877இல் இங்கிலாந்தில் டவுன்ஸ், பிளண்ட் என்ற இருவர், வெயில் பட்ட குழாய்களில் பற்றீரியா வளரவில்லை என்று காட்டினார்கள். தோலில் வரும் காசநோயை ஒளியால் குணப்படுத்திய டென்மார்க்கின் பின்சனுக்கு 1903இல் நோபல் பரிசு கிடைத்தது.

அடுத்த கட்டம் பாடசாலையில் நடந்தது. 1937 முதல் அமெரிக்காவின் பிலடெல்பியா பகுதியில், வில்லியம் வெல்ஸ் என்பவர் வகுப்பறைகளின் மேற்பகுதியில் இந்த விளக்குகளைப் பூட்டினார். 1941இல் சின்னமுத்து பரவியபோது அந்த வகுப்புகளில் நோய் வெகுவாகக் குறைந்திருந்தது. ஆனால் பின்னர் வேறு பாடசாலைகளில் அதே பலன் கிடைக்கவில்லை. வகுப்பில் காத்தாலும், பிள்ளைகள் பஸ்ஸிலும் வெளியிலும் நோயை வாங்கிக்கொண்டார்கள். ஆசிரியர்களாகிய நமக்கு இதில் ஆச்சரியப்பட ஒன்றுமில்லை.

1950களின் கடைசியில் ரிச்சர்ட் ரைலி என்ற வைத்தியர், பால்டிமோர் நகரில் காசநோய் வார்டின் காற்றைக் குழாய் வழியாகக் கினிப்பன்றிகளின் கூடுகளுக்கு அனுப்பினார். அந்தக் காற்றைச் சுவாசித்தவற்றுக்கு நோய் தொற்றியது. இன்னொரு கூட்டத்துக்கு, அதே காற்று கழியூதா விளக்கைக் கடந்து போனது. அவற்றில் ஒன்றுக்கும் தொற்றவில்லை. குழாய்க் காற்றை ஒளியால் சுத்தமாக்கலாம் என்பதற்கு அதுவே பெரிய சாட்சி.

ஏசிக்குள் இது ஏன் தேவைப்பட்டது? உள்ளே இருக்கும் குளிர்ந்த சுருளில் காற்றின் ஈரம் தண்ணீராகப் படிகிறது. இருட்டு, ஈரம், தூசு மூன்றும் சேர்ந்தால் பூஞ்சணம் பிடிக்கும். கழியூதாக் கதிர் கிருமியின் மரபுப்பொருளைச் சிதைப்பதால் அது பெருக முடியாமல் போகிறது. இரச ஆவி விளக்கு தரும் 254 நனோமீற்றர் அலைநீளம் இதற்கு நன்றாகப் பொருந்தும். கனடாவின் மொன்றியல் நகரில் மூன்று அலுவலகக் கட்டடங்களில் இதைச் சோதித்து, 2003இல் ‘லான்செட்’ சஞ்சிகையில் வெளியிட்டார்கள். ஒளி பட்ட பரப்புகளில் கிருமிகள் 99 வீதம் குறைந்தன. ஊழியர்களின் மூக்கு, தொண்டை, சுவாசத் தொல்லைகளும் குறைந்தன. கொரோனாக் காலத்தில், 2021இல், இந்தியாவின் சண்டிகரிலுள்ள அரச ஆய்வுகூடம் இதே முறையில் ஒரு கருவியை உருவாக்கியது. அதை டில்லி பாராளுமன்ற மண்டபத்தின் காற்றுக் குழாய்களிலும் பூட்ட ஏற்பாடு செய்தார்கள்.

ஆகவே இது பொய்யல்ல. ஆனாலும் எல்லை உண்டு. சுருளில் விழும் ஒளி சுருளைத்தான் சுத்தமாக்கும். ஸஃப்பில் பக்கத்தில் நிற்பவர் இருமினால், அந்தக் காற்று ஏசிக்குப் போக முன்னரே நம்மிடம் வந்துவிடும். சாதாரண சுவர் ஏசி வெளிக்காற்றைக் கொண்டுவருவதும் இல்லை. உள்ளே இருப்பதையே திரும்பத் திரும்பச் சுற்றுகிறது. இந்த ஒளி கண்ணையும் தோலையும் சுடும் என்பதால் விளக்கு வெளியே தெரியக் கூடாது. நீலமாக எரிவதெல்லாம் கழியூதாவும் அல்ல. உண்மையான விளக்கும் ஏறத்தாழ ஒரு வருடத்தில் பலம் குறைந்துவிடும். வெளிச்சம் மட்டும் அப்படியே தெரியும்.

இவ்வளவு வலியுறுத்த ஒரு காரணம் இருக்கிறது. கிருமியின் பெயரால் சொல்லப்படுவதை ஆதாரம் கேட்காமல் ஏற்றால் என்ன நடக்கும் என்பதை நம் சமூகம் அனுபவித்திருக்கிறது. நிலத்தடி நீர் கெடும் என்று சொல்லி 2020இல் நம் ஜனாஸாக்களை எரித்தார்கள். அடக்கம் செய்யலாம் என்று உலக சுகாதார நிறுவனம் சொல்லியிருந்தும் எரித்தார்கள். 2021 மார்ச்சில் ஓட்டமாவடியில் முதல் ஜனாஸா அடக்கப்படும் வரை எத்தனை குடும்பங்கள் அழுதன! அன்று நாம் ஆதாரம் கேட்டோம். இன்று விளக்கு விற்க வருபவரிடமும் அதையே கேட்போம்: அலைநீளம் எவ்வளவு? ஒளி எங்கே படும்? எப்போது மாற்ற வேண்டும்?

அதுவரை செலவில்லாத வேலைகள் இருக்கின்றன. ஏசியின் வலையை ஒழுங்காகக் கழுவுவோம். தண்ணீர் வடியும் குழாய் அடைபடாமல் பார்ப்போம். தொழுகை முடிந்ததும் ஜன்னல்களைத் திறந்துவிடுவோம். களப்புக் காற்றுக்கு யாரும் பில் அனுப்புவதில்லை.

உங்கள் பள்ளிவாசல் நிர்வாகத்தில் இருப்பவர்களுக்கும் இதைப் பகிருங்கள். அல்லாஹ் நம் எல்லோருக்கும் ஆஃபியத்தைத் தருவானாக.