வாக்கும் முறியும்
(வீடு கட்டும் உடன்படிக்கைகள் பற்றிய ஒரு வரலாற்று நோக்கு)

"வீட்டைக் கட்டிப் பார், கலியாணத்தைச் செய்து பார்" என்பது நம்மவர் நாவில் வழங்கும் பழமொழி. ஏனைய ஊர்களில் இவை இரண்டு காரியங்கள். மருதமுனை, பாண்டிருப்பு, கல்முனை, சாய்ந்தமருது, காரைதீவு என நீளும் நமது கரையோரத்திலோ இரண்டும் பெரும்பாலும் ஒரே காரியமாகும். மகளுக்குச் சீதனமாக வீடும் வளவும் கொடுத்து, மருமகனை அவ்வீட்டுக்கே அழைத்துக்கொள்வது இங்குள்ள தமிழருக்கும் முஸ்லிம்களுக்கும் பொதுவான வழக்கு. பெண்வழி உரிமையைப் போற்றிய பழைய முக்குவர் சட்டம், 1876ஆம் ஆண்டின் 15ஆம் இலக்கக் கட்டளைச் சட்டத்தின் பின் நீதிமன்றங்களில் செல்வாக்கிழந்தது. ஆயினும் சீதன வீடு என்னும் வழமை ஒழியவில்லை.

ஆதலால், கொந்தராத்துக்காரர் ஒருவர் அரைச் சுவரோடு வேலையைக் கைவிட்டுப் போனால், நின்றுபோவது வீடு மாத்திரமன்று. ஒரு பெண்ணின் கலியாணமும் நின்றுபோகக்கூடும். வீட்டுக்காரர் கடைசிப் பணத்தைக் கொடாது இழுத்தடித்தால், மேசனார் வீட்டில் அடுப்பு எரியாது. இத்தகைய பிணக்குகள் ஏன் எழுகின்றன, அவற்றைத் தீர்க்க முன்னோர் என்ன வழி கண்டனர் என்பதை ஆராய்வது நம் வாலிபர்க்குப் பயன்தரும்.

இப்பிணக்கு மனிதன் வீடு கட்டத் தொடங்கிய நாளிலிருந்தே உள்ளது. ஏறக்குறைய 3,750 ஆண்டுகளுக்கு முன் பாபிலோனை ஆண்ட ஹம்முராபி மன்னன் கல்லிற் பொறித்த சட்டங்களில், கட்டுவோர்க்கென்றே சில விதிகள் உள்ளன. கட்டிய வீடு இடிந்து வீட்டுக்காரன் இறந்தால், கட்டியவனுக்கு மரண தண்டனை. சுவர் சரியுமாயின் அவன் தன் செலவிலேயே அதைத் திருத்திக் கொடுத்தல் வேண்டும். அதே சட்டம் அவனுக்குரிய கூலியையும் வரையறுத்தது. கடமையையும் கூலியையும் சேர்த்தே எழுதிய அந்நுட்பம் கவனிக்கத் தக்கது.

பாண்டிருப்புத் திரௌபதை அம்மன் ஆலயத்தின் வழியாக நம் மக்கள் நன்கறிந்த பாரதக் கதையிலும் கட்டுவோர் இருவர் வருகின்றனர். ஒருவன் புரோசனன். அவன் வெளிக்கு அழகாகவும் உள்ளே அரக்கும் நெய்யுமாகவும் மாளிகை அமைத்து, குடியிருக்க வந்தவரையே எரிக்க எண்ணினான். மற்றவன் மயன். தன் உயிரைக் காத்த நன்றிக்காகப் பாண்டவர்க்கு மண்டபம் அமைப்பதாக வாக்களித்தான். பதினான்கு மாதங்களில் அதை முடித்தும் கொடுத்தான். பூசி முடித்த சுவரின் உள்ளே என்ன இருக்கின்றது என்பதைக் குடியிருப்பவன் அறியான், கட்டியவன் அறிவான். கட்டட வேலையிலே நம்பிக்கை இத்துணை பெரிதாவதற்குக் காரணம் இதுவே.

ஆயின் நம்பிக்கை இருந்தால் எழுத்து எதற்கு என்று கேட்பார் பலர். "நம்ம மனிசரிடம் கடுதாசி கேட்பதா?" என்று கூசுவோரும் உளர். இவர்க்குப் பெரியபுராணமே விடை தருகின்றது. சுந்தரமூர்த்தி நாயனாரின் திருமணப் பந்தலிலே முதிய வேதியராக வந்த இறைவன், "உன் பாட்டன் எழுதித் தந்த ஆளோலை என்னிடம் உண்டு" என்று வழக்காடினார். நாயனார் அவ்வோலையைப் பறித்துக் கிழித்தெறிந்தார். வழக்குத் திருவெண்ணெய்நல்லூர்ச் சபைக்குச் சென்றது. வழக்கத்தாலோ, எழுத்தாலோ, அயலார் சாட்சியாலோ நிறுவுக என்றனர் சபையோர். கிழிபட்டது படியே என்றும், மூல ஓலை தம்மிடம் உள்ளதென்றும் கூறி முதியவர் அதைக் காட்டினார். பாட்டனார் எழுதிய வேறோர் ஓலையைச் சேமத்திலிருந்து வருவித்து, கையெழுத்தை ஒப்புநோக்கிய பின்னரே சபை தீர்ப்புக் கூறிற்று.

மூலம் வேறு, படி வேறு, சாட்சி வேண்டும், எழுத்தை ஒப்புநோக்கல் வேண்டும், நடுவர் பொதுவில் இருத்தல் வேண்டும். பன்னிரண்டாம் நூற்றாண்டிலே சேக்கிழார் சுவாமிகள் காட்டிய இவ்வழக்கு முறையில் இன்றும் குறைகாண இடமில்லை. சருவலோக நாயகனே ஓலையோடு சபையேறினான் என்றால், ஓலை கேட்பது அவமதிப்பாகுமோ?

நம் அயலவராகிய முஸ்லிம் மக்களின் திருமறையும் இதனையே வற்புறுத்துகின்றது. குர்ஆனின் மிக நீண்ட வசனம், இரண்டாம் அத்தியாயத்து 282ஆம் வசனமாகும். தவணையிட்ட கடனை எழுதிக்கொள்ள வேண்டும், எழுதுபவர் நீதியாக எழுத வேண்டும், சாட்சி வைக்க வேண்டும், தொகை சிறிதாயினும் எழுதச் சலிக்கக் கூடாது என்பது அதன் கருத்து. வீட்டுக்காரர் தமிழராயும் மேசனார் முஸ்லிமாயும், அன்றி மாறியும் இருக்கும் நம் பகுதியில் இவ்வொற்றுமை சிறு விடயமன்று. எழுத்தில்லாத கொடுக்கல் வாங்கலில் எழும் பிணக்கு, இரு ஆட்களின் வழக்காக நில்லாது இரு தெருக்களின் பகையாக மாறிவிடும் அபாயம் உண்டு. முறி ஒன்று இருப்பின், பேச்சு இனத்தைப் பற்றியதாகாது. முறியில் உள்ளதைப் பற்றியதாகவே இருக்கும்.

நம் நாட்டுச் சட்டத்தின் வரலாறும் அறியத்தக்கது. கொந்தராத்து என்னும் சொல்லைப் போர்த்துக்கேயரும், நொத்தாரிசு என்னும் சொல்லை ஒல்லாந்தரும் நமக்கு விட்டுச் சென்றனர். ஒல்லாந்தர் கொண்டுவந்த உரோம–டச்சுச் சட்டம் தொடர்ந்து வழங்குமென ஆங்கிலேயர் 1799இல் பிரகடனஞ் செய்தனர். பின்னர், 1840ஆம் ஆண்டின் 7ஆம் இலக்கக் கட்டளைச் சட்டம், காணி விற்பனைக்கு நொத்தாரிசு முன்னிலையில் இரு சாட்சிகளோடு முடித்த உறுதி வேண்டும் என விதித்தது. வளவு வாங்க உறுதி வேண்டும். அவ்வளவிலே வீடு கட்டுவிக்கவோ வாய்ப்பேச்சும் செல்லும். இங்கேதான் பலர் இடறுகின்றனர். வாய்ப்பேச்சு சட்டப்படி செல்லுமாயினும், அதை நிரூபிப்பது யாங்ஙனம்?

காலவரையறை பற்றிய 1871ஆம் ஆண்டின் 22ஆம் இலக்கக் கட்டளைச் சட்டம் இவ்வேறுபாட்டைத் தெளிவாகக் காட்டுகின்றது. எழுத்திலான உடன்படிக்கையின் மீது வழக்கிட 6 ஆண்டுகள். எழுத்தில்லாததன் மீது 3 ஆண்டுகள். செய்த வேலைக்கும் கைவினைஞர் கூலிக்கும் 1 ஆண்டே. "நாளை தருகிறேன்" என்ற சொல்லை நம்பி ஆண்டு கடத்தும் மேசனார் தம் உரிமையையே இழக்க நேரலாம். எழுத்து வீட்டுக்காரரை மாத்திரம் காப்பதன்று என்பது இதனாற் புலனாகும்.

பிணக்குக்குக் காரணம் எப்போதும் வஞ்சகமே என்று எண்ணுதலும் தவறு. 2004 டிசெம்பர் 26ஆந் திகதிக் கடற்கோளில், இலங்கையிலே ஆகக்கூடிய உயிர்களைப் பறிகொடுத்தது அம்பாறை மாவட்டமே. முற்றாக அழிந்த வீட்டுக்கு 2,50,000 ரூபாவும், பகுதி சேதமுற்றதற்கு 1,00,000 ரூபாவும் அரசு உதவியாக வேலையின் வளர்ச்சிக்கேற்பக் கட்டங் கட்டமாக வழங்கப்பட்டன. கரையோரமெங்கும் ஒரே வேளையில் கட்டட வேலை தொடங்கியமையால், மேசன், ஓடாவி கூலியும் பொருள்களின் விலையும் ஏறின. பழைய விலைக்குப் பேசியவர் புதிய விலைக்கு வேலை முடிக்க இயலாது தவித்தனர். 2022இலும் இவ்வாறே நேர்ந்தது. முந்திய ஆண்டில் ஆயிரம் ரூபா அளவில் விற்ற 50 கிலோச் சீமெந்துப் பை, அவ்வாண்டின் நடுப்பகுதியில் மூவாயிரம் ரூபாவை அண்மித்தது. விலை ஏறினால் அச்சுமை யாருடையது என்று எழுதாத உடன்படிக்கை அத்தனையும் பிணக்குக்கு வித்தாயிற்று.

எழுந்த பிணக்கை ஊருக்குள்ளேயே தீர்க்கும் வழியும் உண்டு. 1958ஆம் ஆண்டின் 10ஆம் இலக்கச் சட்டம் இணக்க சபைகளை அமைத்தது. அவை மறைந்த பின், 1988ஆம் ஆண்டின் 72ஆம் இலக்கச் சட்டத்தால் மத்தியஸ்த சபைகள் தோன்றின. இங்கே சட்டத்தரணி வாதாடுவதில்லை. ஊர்ப் பெரியோரே இருதரப்பையும் இருத்திப் பேசுவர். ஆரம்பத்தில் 25,000 ரூபாவாயிருந்த தொகை வரம்பு பின்னர் உயர்த்தப்பட்டுள்ளது. திருவெண்ணெய்நல்லூர்ச் சபையின் வழித்தோன்றல் என்று இதனைக் கருதினால் தவறாகாது. ஆயினும் அச்சபையாரும் முதலில் கேட்பது "எழுத்து உண்டா?" என்பதையே.

எழுத வேண்டியவை அதிகமில்லை. வீட்டின் படமும் அளவும், பொருள் யாருடையது, கூலி எவ்வளவு, அத்திவாரம், சுவர், கூரை, பூச்சு என ஒவ்வொரு கட்டத்துக்கும் கொடுக்கும் பணம், முடிக்கும் திகதி, விலை ஏறினாலும் வேலை கூடினாலும் செய்ய வேண்டியது, குறை திருத்தும் வரை நிறுத்தி வைக்கும் தொகையும் அதைத் தீர்க்கும் நாளும். இரு படிகள்; இரு சாட்சிகள்; கொடுக்குந்தோறும் பற்றுச்சீட்டு. இவ்வளவே.

வாலிப அன்பர்களே! கையெழுத்துப் போடத் தெரிந்தும் எழுத்தின் வலிமை அறியாத பெரியோர் நம் தெருக்களில் பலர் உளர். மகளுக்காக வாயைக் கட்டி வயிற்றைக் கட்டிச் சேர்த்த பணத்தை, வாய்ச்சொல்லை நம்பி அவர்கள் ஒப்படைக்கின்றனர். உழைப்பை மாத்திரமே முதலாகக் கொண்ட மேசனாரும் அவ்வாறே வந்து நிற்கின்றார். அத்திவாரம் வெட்டும் முன்னே இருவரையும் ஒரு திண்ணையில் இருத்தி, நான்கு வரி எழுதிக் கொடுப்பது படித்த இளைஞனால் எளிதிற் செய்யக்கூடிய தொண்டு. காணி முறியை நம் முன்னோர் "உறுதி" என்று அழைத்தனர். வீட்டுக்கும் அவ்வுறுதி வேண்டும். சுவர் எழுமுன்னே வேண்டும்.