கடன் தீர்க்கும் வீட்டுக் கணக்கு: சில வரலாற்றுக் குறிப்புகள்

மலருக்குக் கட்டுரை வேண்டும் என்று சங்கத்து நண்பர்கள் கேட்டபோது, வழக்கம்போல் ஏதாவது கல்வெட்டு பற்றியோ சமண இலக்கியம் பற்றியோ எழுதுவேன் என்றுதான் நினைத்திருப்பார்கள். இந்த முறை என் கையில் அகப்பட்டது ஒரு பற்று நோட்டு. பழைய வீட்டைக் காலி செய்தபோது பரணில் ஒரு தகரப் பெட்டியில் கிடைத்தது. சிவப்புத் துணி அட்டை போட்ட நீள நோட்டு. என் தந்தையார் கிருஷ்ணராஜபுரத்தில் நடத்திவந்த மளிகைக் கடையின் 1981ஆம் ஆண்டுக் கணக்கு அதில் இருக்கிறது.

ஜைனர் வீட்டில் கடன் நோட்டு என்றதும் பலர் 'சேட்டு', அடகுக் கடை என்று நினைத்துவிடுகிறார்கள். பெங்களூரில் நாற்பது வருஷமாக நான் விளக்கம் சொல்லிச் சொல்லி அலுத்துப்போன விஷயம் இது. நாங்கள் வடஆற்காட்டு நயினார்கள். தாய்மொழி தமிழ், பூர்வீகத் தொழில் விவசாயம். வட்டிக்குக் கொடுத்ததில்லை, வாங்கியிருக்கிறோம்.

நோட்டுக்குள் போவதற்கு முன், கடன்பட்ட குடும்பத்தின் வரவு செலவை முன்பு யார் யார் எழுதிப் பார்த்தார்கள் என்பதைச் சொல்லிவிடுகிறேன். ஐரோப்பாவில் பிரெஞ்சுக்காரரான லெ ப்ளே என்பவர் 1855இல் தொழிலாளர் குடும்பங்களின் வரவு செலவுக் கணக்குகளைத் தொகுத்து ஒரு பெரிய நூல் வெளியிட்டார். அதையும் பெல்ஜியத்துத் தொழிலாளர் கணக்குகளையும் வைத்துக்கொண்டு 1857இல் எர்ன்ஸ்ட் எங்கெல் என்ற ஜெர்மானியப் புள்ளியியலார் ஒரு முடிவுக்கு வந்தார். குடும்பம் எவ்வளவுக்கு ஏழையோ அவ்வளவுக்கு அதன் செலவில் சாப்பாட்டின் பங்கு அதிகம் என்பதே அது. மளிகைக் கடைக்காரன் யாரைக் கேட்டாலும் சொல்லியிருப்பான். ஆனாலும் எழுதிக் காட்டினால்தானே சர்க்கார் நம்பும்.

நம் பக்கத்தில் சென்னைப் பல்கலைக்கழகப் பொருளாதாரப் பேராசிரியர் கில்பர்ட் ஸ்லேட்டர் தம் மாணவர்களை அவரவர் ஊருக்கே அனுப்பி விசாரிக்கச் செய்து, 1918இல் தென்னிந்திய கிராமங்கள் சிலவற்றைப் பற்றிய நூலை வெளியிட்டார். அதில் எங்கள் செய்யாறு பக்கத்துத் தூசி கிராமமும் உண்டு என்பதால் எனக்கு அந்த நூலின் மேல் தனிப்பிரியம். பம்பாய்த் தொழிலாளர் குடும்ப வரவு செலவு விசாரணை ஃபின்ட்லே ஷிராஸ் என்பவரால் 1923இல் வெளியிடப்பட்டது. பிறகு 1929இல் நியமிக்கப்பட்ட விட்லி தலைமையிலான ராயல் கமிஷன் 1931இல் அறிக்கை கொடுத்தது. பெரும்பாலான தொழில் நகரங்களில் மூன்றில் இரண்டு பங்குக்குக் குறையாத தொழிலாளர் குடும்பங்கள் கடனில் இருக்கின்றன என்றும், அவற்றில் மிகப்பெரும்பாலானவற்றின் கடன் மூன்று மாதச் சம்பளத்தைத் தாண்டுகிறது என்றும் அதில் கண்டிருந்தது.

ஜப்திக்குத் தப்பிய பாத்திரம்

இந்தக் கணக்குகளால் என்ன பலன் என்று கேட்கலாம். பலன் சட்டத்தில் தெரிந்தது. 1908ஆம் ஆண்டின் உரிமையியல் நடைமுறைச் சட்டத்தில் 60ஆம் பிரிவு என்று ஒன்று இருக்கிறது. நீதிமன்றம் ஜப்தி செய்யக்கூடாத பொருள்களின் பட்டியல் அது. கடன்பட்டவர், அவர் மனைவி, பிள்ளைகள் ஆகியோருக்கு வேண்டிய துணிமணி, சமையல் பாத்திரம், கட்டில், படுக்கை, மத வழக்கப்படி ஒரு பெண் பிரியக்கூடாத ஆபரணம், அதாவது நம் வழக்கில் தாலி, கைத்தொழிலாளியின் கருவி, உழவனின் ஏர். நான் சட்டம் படித்தவனல்ல. ஆனால் இந்தப் பட்டியலைப் படித்தபோது, இது ஒரு வீட்டுக் கணக்கு அல்லவா என்று தோன்றியது. அடுப்பை அணைத்துக் கடன் வசூலிக்காதே என்கிறது.

பாத்திரத்துக்கு இருந்த காவல் சம்பளத்துக்கு அவ்வளவாக இல்லை. கூலியாட்கள், வீட்டு வேலைக்காரர்களின் கூலிக்கு 1908இலேயே விலக்கு இருந்தது. மாதச் சம்பளக்காரர் பாடுதான் திண்டாட்டம். மாதம் 300 ரூபாய்க்குக் குறைவாகச் சம்பளம் வாங்கும் தொழிலாளியின் சம்பளத்தை ஜப்தியிலிருந்து முழுக்க விலக்கவேண்டும் என்று விட்லி கமிஷன் கேட்டது. 1937இல் வந்த திருத்தம், முதல் 100 ரூபாயையும் மீதியில் பாதியையும் விலக்கியது. கேட்டது முந்நூறு, கிடைத்தது நூறு. அதற்கு முந்தைய வருஷம், 1936இல், நாணயமான கடனாளியைச் சிறையில் தள்ளுவதைக் கட்டுப்படுத்தும் திருத்தமும் வந்தது. இன்றைக்கு அதே 60ஆம் பிரிவில் விலக்கு என்பது முதல் 1,000 ரூபாயும், மீதியில் மூன்றில் இரண்டு பங்கும். ஆயிரம் ரூபாயில் இன்று ஒரு அரிசி மூட்டை வராது என்பதைச் சட்டம் இயற்றுபவர்களுக்கு யாராவது சொன்னால் நல்லது.

விவசாயக் கடனுக்கு 1938இல் ராஜாஜி மந்திரிசபை சென்னை மாகாணத்தில் கொண்டுவந்த நிவாரணச் சட்டம் தனிக்கதை. அசலைப்போல் இருமடங்கு செலுத்தியாகிவிட்டால் கடன் தீர்ந்ததாகக் கொள்ளும் ஏற்பாடு அதில் இருந்தது. அதைப்பற்றி வேறொரு மலரில் எழுத எண்ணம்.

எழுபத்தேழு நாள்

இனி நோட்டுக்கு வருவோம். 1980 டிசம்பர் 26ஆம் தேதி தொடங்கி 1981 மார்ச் 12 வரை, 77 நாள், பெங்களூர்ப் பொதுத்துறைத் தொழிற்சாலைகளில் வேலைநிறுத்தம் நடந்தது. எச்.ஏ.எல்., ஐ.டி.ஐ., பி.இ.எல்., எச்.எம்.டி., பி.இ.எம்.எல். என்று ஐந்து பெரிய கம்பெனிகளின் ஒரு லட்சத்துக்கும் மேற்பட்ட தொழிலாளர் வெளியே நின்றார்கள். பி.எச்.இ.எல். தொழிலாளருக்கு இணையான ஊதியம் வேண்டும் என்பது கோரிக்கை. அது கிடைக்காமலே வேலைநிறுத்தம் முடிந்தது. இந்த மலரை வாசிக்கும் குடும்பங்களில் பலவற்றுக்கு அந்த நாட்கள் நினைவிருக்கும். 1948இல் தொடங்கிய ஐ.டி.ஐ.யில் தமிழர் நிறையப் பேர் வேலை பார்த்தார்கள். தூரவாணிநகர்க் குடும்பங்கள்தான் எங்கள் கடைக்கு முக்கால்வாசி வியாபாரம்.

அப்போது எனக்கு இருபது வயசு. ஜனவரி மாதச் சம்பளம் வரவில்லை, பிப்ரவரியும் வரவில்லை. அரிசி கேட்டு வந்தவர்களை அப்பா திருப்பி அனுப்பவில்லை. பெரிய மனசு என்று மட்டும் சொல்லிவிட முடியாது. திருப்பி அனுப்பினால் பழைய பாக்கியும் போய்விடும் என்ற வியாபாரக் கணக்கும் அதில் இருந்தது. எங்களுக்கும் தரகுபேட்டை மண்டியில் பாக்கி ஏறிக்கொண்டே போனது. வேலைநிறுத்தம் முடிந்த அன்று நோட்டில் 34 குடும்பங்களின் பேரில் பாக்கி நின்றது.

சம்பள நாள் வந்ததும் ஒவ்வொருவராக வந்து பேசினார்கள். பெரும்பாலோர், "அண்ணே, பாதிச் சம்பளத்தை அப்படியே உங்ககிட்ட கொடுத்துடறேன், நாலே மாசத்துல முடிச்சிடலாம்" என்றார்கள். மானஸ்தர்கள், சொன்னபடி முதல் மாதம் கொடுக்கவும் செய்தார்கள். ஒரே ஒரு அம்மாள் மட்டும், பிள்ளையின் பழைய பள்ளி நோட்டில் பின்பக்கத்தில் கணக்கு எழுதிக்கொண்டு வந்தார். அதை அப்பா எங்கள் பேரேட்டில் அப்படியே பெயர்த்து எழுதிவைத்திருக்கிறார். கூட்டுறவுச் சங்கக் கடனுக்கு 75 ரூபாய் பிடித்தம் போகக் கைக்கு வருவது 610. வாடகை 110. அரிசி, பருப்பு, எண்ணெய் முதலிய மளிகை, இனிமேல் ரொக்கம், 230. பால் 40. மண்ணெண்ணெய், விறகு 25. பள்ளிக்கும் பஸ்ஸுக்கும் 45. ஊரில் மாமியாருக்கு மணியார்டர் 50. ஆக 500. மீதி 110இல் எங்கள் கடைப் பழைய பாக்கிக்கு 60, கைமாற்று வாங்கிய இடத்தில் 30. கடைசி வரியில், 'டப்பாவில் 20'.

பாக்கி 840 ரூபாய். மாசம் அறுபது என்றால் பதினாலு மாசம். எனக்குக் கோபம் வந்தது. "அண்ணி, எங்களுக்கே பாக்கி இருக்கும்போது டப்பாவுல எதுக்கு இருபது ரூபா? அதையும் சேர்த்து எண்பதாக் கொடுத்தா பத்தரை மாசத்துல முடிஞ்சிடுமே?" என்று கேட்டேன்.

அந்த அம்மாள் என்னைப் பார்க்கவில்லை, அப்பாவைப் பார்த்துச் சொன்னார்: "மொத்தமாத் தரேன்னு சொல்லி ஏமாத்த மனசு வரல அண்ணே. அறுபதுன்னா அறுபது வந்துடும். இந்த இருபதை நான் தொட்டுட்டா, பிள்ளைக்கு ஜுரம் வந்தா மறுபடி உங்ககிட்டதான் வந்து நிக்கணும்."

அப்பா ஒன்றும் பேசாமல் பேனாவை எடுத்து எழுதிக்கொண்டார்.

பேரேட்டை இப்போது பக்கம் பக்கமாகப் பார்க்கும்போது ஒன்று தெளிவாகத் தெரிகிறது. பாதிச் சம்பளம் என்று தொடங்கியவர்களின் பக்கங்களில் ஏப்ரலில் பெரிய வரவு, மே மாதம் அதைவிடக் குறைவு, ஜூனில் பள்ளிக்கூடம் திறந்ததும் வரவே இல்லை. மாறாகப் புதுப் பற்று. சிலர் பக்கத்தில், வேறு எங்கோ வட்டிக்கு வாங்கி எங்களுக்குக் கொடுத்ததும் ஓரத்தில் அப்பா கையெழுத்தில் குறித்திருக்கிறது. அந்த அம்மாளின் பக்கத்தில் மட்டும் 60, 60, 60 என்று மாதம் தவறாமல் இறங்குகிறது. ஐந்தாம் மாதம் இளைய பையனுக்கு மஞ்சள் காமாலை வந்தது எனக்கு நினைவிருக்கிறது. அந்த மாதமும் 60 வந்திருக்கிறது. டப்பாவில் அப்போது எண்பது ரூபாய் சேர்ந்திருக்கும். இது ஆராய்ச்சி அல்ல, ஒரே ஒரு கடையின் நோட்டுதான். அதற்குமேல் இதை இழுக்க எனக்கு விருப்பமில்லை. ஆனால் வரிகள் எழுதப்பட்ட வரிசையைக் கவனியுங்கள். வாடகையும் அரிசியும் மேலே, கடன் கீழே. 60ஆம் பிரிவின் பட்டியலில் இருப்பதும் இதே வரிசைதான். அந்த அம்மாள் சட்டம் படித்திருக்க மாட்டார்.

மொத்தம் 685 ரூபாயில் கடனுக்குப் போனது 75ம் 60ம் 30ம் ஆக 165. கால் பங்குக்கும் சற்றுக் குறைவு. இதை இன்றைய விதிகளோடு ஒப்பிட்டால் யோசிக்க வேண்டியிருக்கிறது. 1936ஆம் ஆண்டின் ஊதியம் வழங்கல் சட்டத்தில் 1964இல் செய்த திருத்தம், சம்பளத்தில் எல்லாப் பிடித்தமும் சேர்ந்து பாதியைத் தாண்டக்கூடாது என்றது; கூட்டுறவுச் சங்கப் பிடித்தம் இருந்தால் முக்கால் பங்குவரை போகலாம் என்றது. கூட்டுறவு நல்ல காரியம்தான். கர்நாடகத்தில் கதக் பக்கத்துக் கணகினஹாளில் 1905இல் தொடங்கிய சங்கத்தின் பெருமையை நானே மேடையில் பேசியிருக்கிறேன். ஆனால் முக்கால் சம்பளத்தைப் பிடித்துக்கொண்டால் அந்த வீட்டு அடுப்பு எப்படி எரியும்? 2019ஆம் ஆண்டின் ஊதியச் சட்டத்தொகுப்பில் பாதி என்றே வைத்துவிட்டார்கள். ரிசர்வ் வங்கி 2022 மார்ச்சில் நுண்கடன்களுக்கு விதித்த நெறிமுறையில், ஒரு குடும்பத்தின் எல்லாக் கடன் தவணைகளும் சேர்ந்து அந்தக் குடும்பத்தின் மாத வருமானத்தில் பாதியைத் தாண்டக்கூடாது என்று இருக்கிறது. தனி ஆளின் சம்பளத்தைப் பார்க்காமல் குடும்ப வருமானத்தைப் பார்க்கச் சொன்னது முக்கியமான மாற்றம் என்பேன். இருந்தும் கர்நாடக அரசு 2025 பிப்ரவரியில், அடாவடி வசூலுக்குப் பத்து ஆண்டுவரை சிறை என்று தனி அவசரச் சட்டம் கொண்டுவர வேண்டியதாயிற்று. தவணை கட்ட முடியாமல் ஊரைவிட்டே போன குடும்பங்களின் செய்தி அந்த மாதங்களில் தினமும் வந்தது.

வள்ளுவர் வலியறிதல் அதிகாரத்தில் வரவு சிறியதாக இருப்பதைக் குற்றமாகச் சொல்லவில்லை, போகும் வழி அகலமாவதைத்தான் சொன்னார் என்பது எல்லோரும் அறிந்தது. கடனும் ஒரு போகும் வழிதான் என்பதை நாம் மறந்துவிடுகிறோம். மற்ற செலவைச் சுருக்குவதில் புத்திசாலித்தனம் காட்டும் நாம், தவணையை மட்டும் எவ்வளவு அகலமாக வேண்டுமானாலும் திறந்துவிடுவது கௌரவம் என்று எண்ணுகிறோம்.

இதை எழுத எனக்கு அதிகாரம் உண்டா என்றால், பட்டறிவு உண்டு. 1996இல் கடையை விரிவாக்கவும் பெண்ணின் கல்யாணத்துக்குமாகச் சேர்த்து மூன்று வட்டிக்கு ஒருவரிடம் வாங்கினேன். அந்த அம்மாளின் கணக்கைப் பார்த்து வளர்ந்த நான், என் விஷயத்தில் நேர் எதிராகச் செய்தேன். கடன் என்ற சொல்லே கூச்சமாக இருந்தது. கல்லாவில் விழுந்ததையெல்லாம் அவரிடம் கொண்டுபோய்க் கொட்டினேன். சரக்கு எடுக்கப் பணமில்லை. அலமாரி காலியாக, வாடிக்கைக்காரர்கள் ஒவ்வொருவராக எதிர்க் கடைக்குப் போனார்கள். வீட்டில் என் மனைவி கேட்டபோது, "எல்லாம் சரியாயிடும், நீ கணக்குல தலையிடாதே" என்று சொன்னேன். எட்டாவது மாதம் சரக்குக்காக இன்னொருவரிடம் ஐந்து வட்டிக்குப் போனேன். அதிலிருந்து மீள நான்கு வருஷம் ஆயிற்று. மீண்டதும் நானாக அல்ல. ஒருநாள் என் மனைவியே நோட்டை எடுத்து எதிரே உட்கார்ந்து, முதல் வரியில் அரிசி என்று எழுதினாள்.

1981ஆம் ஆண்டு நோட்டின் முடிவையும் சொல்லிவிடுகிறேன். அந்த அம்மாளின் பக்கம் 1982 மே மாதம் தீர்ந்து, குறுக்கே ஒரு கோடு போட்டிருக்கிறது. 34 கணக்குகளில் முப்பது, ஒன்றிரண்டு வருஷம் முன்பின்னாகத் தீர்ந்தன. மீதி நாலு பேரில் இருவர் வேலையை விட்டு ஊருக்கே போய்விட்டார்கள்; ஒருவர் காலமாகிவிட்டார்; ஒருவர் அதே தெருவில்தான் இருந்தார், எங்கள் கடை வாசலைத் தவிர்த்துச் சுற்றிப் போவார். 1984 தீபாவளி முடிந்து புதுக்கணக்கு எழுதும்போது அந்த நாலு பாக்கியையும் அப்பா புது நோட்டில் ஏற்றவில்லை. ஏன் என்று கேட்டேன். "போய் அவரை நம்ம வாசல் வழியாவே போகச் சொல்லிட்டு வா" என்றார்.