இயந்திரம் இறக்கிவைக்காத சுமை

நெய்வேலிச் சுரங்கத்தின் வரலாறு இயந்திரத்தின் வெற்றியாகவே சொல்லப்படுகிறது. 1930-களில் ஜம்புலிங்க முதலியார் தம் நிலத்தில் கிணறு இறக்கியபோது நீரோடு கறுப்புப் பொருள் வந்தது. 1956-இல் நெய்வேலி பழுப்பு நிலக்கரி நிறுவனம் உருவானது. 1957 மே 20-இல் நேரு சுரங்கப் பணியைத் தொடங்கிவைத்தார். கடினமான மேல்மண்ணை ஜெர்மனியின் வாளிச்சக்கர இயந்திரங்கள் அகற்ற, 1961-இல் பழுப்பு நிலக்கரி கண்ணில் பட்டது. மனிதத் தசையின் வேலை அத்தோடு முடிந்தது என்று நினைப்பது தவறு. வேலையின் வடிவம்தான் மாறியது.

தசை இயங்கும் விதம் 1954-இல்தான் தெளிவாகத் தொடங்கியது. ஆக்டின், மயோசின் என்னும் நுண்ணிழைகள் ஒன்றன்மேல் ஒன்று வழுக்கி நகர்வதால் தசை சுருங்குகிறது என்று இரண்டு ஆய்வுக் குழுக்கள் தனித்தனியே காட்டின. இதில் நெய்வேலிக்கு ஒரு செய்தி உண்டு. அசையாமல் விறைத்து நிற்கும் தசையும் ஓயாமல் ஆற்றலைச் செலவிடுகிறது. அந்த இறுக்கம் இரத்த ஓட்டத்தையும் நெரிப்பதால் விரைவில் களைக்கிறது. சுரங்க இயந்திரத்தின் அதிரும் இருக்கையில் ஒரு ஷிப்ட் முழுதும் உடலைப் பிடித்துவைத்திருக்கும் ஓட்டுநர், மண்வெட்டியைத் தொடாவிட்டாலும் உழைக்கிறார். அந்த அதிர்வு முள்ளெலும்புகளுக்கு இடையே உள்ள வட்டுகளையும் தாக்குகிறது. உடலதிர்வை அளக்கும் முதல் சர்வதேசத் தர அளவுகோல் 1974-இல்தான் வந்தது. அதற்குள் நெய்வேலியில் பதினேழு ஆண்டு வேலை நடந்துவிட்டது.

கூடை சுமந்த காலத்தைவிட இது மேலல்லவா என்று கேட்கலாம். மேல்தான், மறுக்கவில்லை. எலும்பும் பாரம் தாங்கித்தான் வலுப்பெறுகிறது, சும்மா இருந்தால் மெலிகிறது. ஆனால் மாறிமாறி வரும் அளவான சுமைக்கும், நாள் முழுதும் ஒரே இடத்தைக் குலுக்கும் அதிர்வுக்கும் வேறுபாடு பெரிது. அன்றியும், கைவேலை ஒழியவேயில்லை. மண்ணைக் கொண்டுசெல்லும் பெல்ட்டிலிருந்து சிதறுவதை வாரவும், தேய்ந்த வாளிப் பற்களையும் உருளைகளையும் மாற்றவும் ஆள் வேண்டும். அந்தக் குனிந்து நிமிரும் வேலைகளில் பெரும்பகுதி ஒப்பந்தத் தொழிலாளர் தலையில்தான் விழுகிறது.

வளரும் உடலைச் சட்டம் காக்கிறது. நீண்ட எலும்புகளின் முனையருகே உள்ள குருத்தெலும்புத் தட்டுகள் ஏறக்குறைய இருபது வயதுக்குள் மூடும்வரை எலும்பு நீள்கிறது; சுரங்கச் சட்டத்தின் 1983-ஆம் ஆண்டுத் திருத்தம் பதினெட்டு வயதுக்குக் குறைந்தவர்களைச் சுரங்க வேலைக்கு அமர்த்தக் கூடாது என்றது. வளர்ந்து முடிந்த எலும்புக்கும் அதே அக்கறை தேவை. சுரங்க மருத்துவச் சோதனை என்றதும் நுரையீரலும் செவியும் நினைவுக்கு வருவதுபோல முதுகெலும்பும் வர வேண்டும். அந்தச் சோதனை நிரந்தரப் பணியாளரோடு நில்லாமல் ஒப்பந்தத் தொழிலாளர் ஒவ்வொருவருக்கும் கிடைக்க வேண்டும்.