பழம் காணியர்க்கு, இலை எவர்க்கு?

பாறசாலை, நெய்யாற்றின்கரை ஊர்களுக்கு வடகிழக்கே எழும் அகத்தியமலை காணிக்காரர்களின் வாழிடம். தமிழுக்கும் மலையாளத்துக்கும் இடைப்பட்ட அவர்தம் மொழிக்குத் தனி எழுத்தில்லை. அவ்வெழுதா அறிவிலிருந்து ஒரு காப்புரிமை விண்ணப்பம் பிறந்தது.

1987இல் புஷ்பாங்கதன் தலைமையில் மலையேறிய ஆய்வுக்குழு, வழிகாட்டிய காணியர் ஒரு சிறுசெடியின் பழத்தை உண்டு களைப்பின்றி நடந்ததைக் கண்டது. அச்செடியே ஆரோக்கியப்பச்சை. பாலோட்டிலுள்ள வெப்பமண்டலத் தாவரவியல் பூங்கா ஆராய்ச்சி நிறுவனம் அதன் இலையை ஆராய்ந்து, அமுக்கரா, திப்பிலி, விஷ்ணுகிராந்தியோடு சேர்த்து ‘ஜீவனி’ என்னும் மருந்தை ஆக்கியது. 1996இல் அதன் செய்முறைக்குக் காப்புரிமை கோரிச் சென்னையில் விண்ணப்பித்தது. 1970ஆம் ஆண்டுச் சட்டப்படி அன்று மருந்துப் பொருளுக்குக் காப்புரிமை கிடையாது; செய்முறைக்கே உண்டு.

அச்செய்முறை எளிதில் ஊகிக்கத்தக்கதா? 1978இல் பிஸ்வநாத் பிரசாத் வழக்கில் உச்ச நீதிமன்றம் வகுத்த அளவுகோலின் சாரம் இது: துறையின் பொதுவறிவு பெற்ற ஒருவர், முன்பே தெரிந்தவற்றைக் கொண்டு தாமாகவே அதை எட்டியிருப்பாரா? பழத்தின் பயனை அறிந்தவர் இலையையும் சோதிப்பார் எனலாம். ஆனால் சோதிக்கத் தோன்றுவது வேறு. பலன் கிட்டுமென நம்பக் காரணம் இருப்பது வேறு. நான்கு மூலிகைகளும் தத்தம் பயனை மட்டும் தந்தால் அது வெறுங்கலவை. கூடியதால் புதுப்பயன் விளைந்தால் மட்டுமே கண்டுபிடிப்பு.

‘முன்பே தெரிந்தது’ என்றால் எவருக்கு? காயமாற்றும் மஞ்சளுக்கு 1995இல் அமெரிக்கா வழங்கிய காப்புரிமையை, எழுத்துச் சான்றுகளைக் காட்டி 1997இல் இந்தியா நீக்கச் செய்தது. அயல்நாட்டு வாய்மொழி அறிவை அன்றைய அமெரிக்கச் சட்டம் கணக்கில் கொள்ளவில்லை. மஞ்சளுக்கு நூல்கள் இருந்தன. ஆரோக்கியப்பச்சைக்குக் காணியரின் சொல்லே சான்று. பழங்குடியினரின் வாய்மொழி அறிவைக் காட்டியும் காப்புரிமையை எதிர்க்கலாம் என்று 2002ஆம் ஆண்டுத் திருத்தம் இந்தியச் சட்டத்தில் சேர்த்தது.

இங்கேதான் சிக்கல். கோவை ஆரிய வைத்திய பார்மசி தந்த 10 லட்சம் ரூபாய் உரிமத்தொகையிலும், விற்பனைமீதான 2 விழுக்காட்டிலும் சரிபாதி காணியர்க்கு என்று நிறுவனம் தானே முன்வந்து ஒப்புக்கொண்டது. 1997இல் அவர்களுக்கென அறக்கட்டளையும் அமைந்தது. காப்புரிமைச் சட்டம் அப்பங்கைத் தரவில்லை. காணியரின் அறிவு சான்றாக ஏற்கப்பட்டால் காப்புரிமை வீழக்கூடும். ஏற்கப்படாவிடின், அவ்வறிவு இருந்ததாகவே சட்டம் கருதாது. இலையைக் கண்டவரைப் புத்தாக்கர் என்னும் சட்டத்திடம், பழத்தைக் காட்டியவர்க்கு வழங்க ஒரு பெயரும் இல்லை.