மொய் நோட்டும் இரண்டு ஃபார்முலாக்களும்

புதுக்கோட்டை, தஞ்சாவூர் மாவட்டக் கிராமங்களில் ஆடி பிறந்தால் மொய் விருந்து தொடங்கிவிடும். விருந்து வைப்பவருக்கு வரும் பணத்தில் ஒரு பங்கு, அவர் முன்பு ஊராருக்குச் செய்தது திரும்பி வருவது. மீதி, இனிமேல் அவர் திருப்பிச் செய்ய வேண்டியது. கொடுத்ததற்குக் குறைவாகத் திருப்பினால் உறவு கசந்துவிடும் என்பதால் மொய் நோட்டு பீரோவில் பத்திரமாக இருக்கும். அந்த நோட்டை வீட்டுப் பிள்ளை யாராவது கூகுள் ஷீட்ஸில் ஏற்றியதும் அடுத்த வேலை வருகிறது: நமக்கு வந்த பட்டியலையும் நாம் செய்த பட்டியலையும் ஒப்பிட்டுப் பார்ப்பது.

இதற்குப் பெரும்பாலோர் கை வைப்பது வி-லுக்அப் ஃபார்முலாவில்தான். கவுன்ட்-இஃப் என்ற எளிய ஃபார்முலாவை எண்ணிக்கைக்கு மட்டும் வைத்துக்கொள்வார்கள். ஒப்பிடுவதற்கு முதலில் வரவேண்டியது அந்த எளியதுதான் என்பது என் கட்சி.

இரண்டும் கேட்கும் கேள்வியே வேறு. கவுன்ட்-இஃப், 'இந்தப் பெயர் அந்தப் பட்டியலில் எத்தனை முறை இருக்கிறது?' என்று மட்டும் எண்ணிச் சொல்லும். வி-லுக்அப் பெயரைத் தேடிப்போய், அதே வரிசையில் வலப்பக்கம் இருக்கும் தொகையை எடுத்துவரும். தொகைதானே வேண்டும், பிறகு எதற்கு எண்ணிக்கை என்று தோன்றும். ஆனால் வி-லுக்அப் முதலில் கண்ட ஆளோடு நின்றுவிடும். ஒரே ஊரில் மூன்று முருகேசன் இருந்தால் நோட்டில் முதலில் ஏறியவரின் தொகைதான் மூவருக்கும் வரும். ஒருவரே கல்யாணத்துக்கும் காதுகுத்துக்கும் மொய் எழுதியிருந்தாலும் முதல் தொகை மட்டும்தான் தெரியும். கவுன்ட்-இஃப் அங்கே 3 என்றோ 2 என்றோ காட்டி, இங்கே விசாரிக்க வேண்டிய விஷயம் இருக்கிறது என்று சொல்லிவிடும். ஒருவரே பலமுறை செய்ததுதான் என்று உறுதியானால், மொத்தத்தைக் கூட்டித்தர சம்-இஃப் இருக்கிறது.

வி-லுக்அப்பின் பெரிய வினை அதன் நான்காவது இடத்தில் இருக்கிறது. எதைத் தேட, எங்கே தேட, எத்தனையாவது நெடுவரிசையை எடுத்துவர என்ற மூன்றையும் கேட்டுவிட்டு, பட்டியல் அகரவரிசையில் அடுக்கப்பட்டிருக்கிறதா என்று நான்காவதாகக் கேட்கும். பதில் சொல்லாமல் விட்டால் 'ஆம்' என்று தானே எடுத்துக்கொள்ளும். மொய்ப் பட்டியலோ ஆட்கள் வந்த வரிசையில் இருக்கும். அடுக்காத பட்டியலை அடுக்கியதாக நம்பித் தேடும்போது வேறு யாருடைய தொகையையோ கொண்டுவந்து வைக்கும், அதுவும் பிழை என்ற அறிவிப்பே இல்லாமல். கூச்சல் போடும் பிழையைப் பிடித்துவிடலாம். சத்தமில்லாமல் 5,000 இருக்கவேண்டிய இடத்தில் 500 வந்து உட்கார்ந்தால், சித்தப்பா முகம் சுளிக்கும் வரை தெரியாது.

ஆன்லைன் ஷீட்டில் இன்னொரு தொல்லை சேர்ந்துகொள்கிறது. அண்ணன் சென்னையிலிருந்தும் மச்சான் சிங்கப்பூரிலிருந்தும் ஒரே ஷீட்டைத் திறந்து வைத்திருப்பார்கள். நடுவில் ஒருவர் 'முந்தைய மொய்' என்று ஒரு நெடுவரிசையை நுழைத்தால் தேடும் பரப்பு தானாக விரியும், ஆனால் ஃபார்முலாவில் எழுதிய 'மூன்றாவது நெடுவரிசை' என்ற எண் மாறாது. பழைய தொகை புதிய தொகையாக வந்து நிற்கும். கவுன்ட்-இஃப்பில் அப்படி எண்ணிச் சொல்ல வேண்டிய இடமே இல்லை. வி-லுக்அப்புக்கு மாற்றான எக்ஸ்-லுக்அப் ஃபார்முலாவிலும் இந்த இரண்டு வினைகளும் இல்லை. அது அச்சாகப் பொருந்துவதையே தேடும். விடை வரவேண்டிய நெடுவரிசையை நேரடியாகச் சுட்டலாம். எக்செலுக்காக 2019இல் அறிவிக்கப்பட்ட அது 2022இல் ஷீட்ஸுக்கும் வந்துவிட்டது. புதிதாக எழுதுபவர்கள் இன்னும் வி-லுக்அப்பையே பிடித்துக்கொண்டிருக்கக் காரணம் பழக்கம் தவிர வேறில்லை.

பெயர் கிடைக்காதபோது வி-லுக்அப் காட்டும் 'என்.ஏ.' பிழை பார்க்க அசிங்கமாக இருக்கிறதென்று, அதை இஃப்-எரருக்குள் போட்டுப் பூஜ்யமாக்குவது ஒரு வழக்கம். இது எனக்குச் சற்றும் பிடிக்காது. 'பெயர் கிடைக்கவில்லை' வேறு, 'ஒன்றும் செய்யவில்லை' வேறு.

ஏனென்றால் தமிழில் பெயர் கிடைக்காமல் போவதற்கு வழிகள் ஏராளம். எஸ்.செல்வம், செல்வம் எஸ்., சு.செல்வம் மூவரும் ஒருவரே என்று ஊருக்குத் தெரியும், ஷீட்டுக்குத் தெரியாது. அதைவிட மோசம் கண்ணுக்குத் தெரியாத வேறுபாடு. கௌரி என்பதை ஔகாரக் குறியோடு அடிப்பவர் உண்டு. ஒற்றைக்கொம்பும் ளகரமும் போட்டு, கெளரி என்று அடிப்பவரும் உண்டு. திரையில் இரண்டும் ஏறக்குறைய ஒன்றுதான். ஸ்ரீதரில் வரும் ஸ்ரீயையும் ஸகரத்தில் தொடங்கலாம், 2005இல் யூனிகோடில் சேர்ந்த ஶகரத்திலும் தொடங்கலாம். பெரும்பாலான எழுத்துருக்களில் இரண்டுக்கும் ஒரே வடிவம். பெயருக்குப் பின்னால் ஒட்டிய இடைவெளியை டிரிம் ஃபார்முலா நீக்கிவிடும், இவற்றை நீக்காது.

இந்த இடத்தில் இரண்டு ஃபார்முலாக்களுமே ஏமாறும். ஆனால் கவுன்ட்-இஃப் ஏமாறும் விதம் உதவியானது. கண்டிஷனல் ஃபார்மேட்டிங்கில் அதைப் போட்டு, எண்ணிக்கை பூஜ்யமாக வரும் பெயர்களுக்கு ஒரு நிறமும் ஒன்றுக்கு மேல் வருபவற்றுக்கு வேறு நிறமும் கொடுத்தால், கோளாறுகள் எல்லாம் ஒரே பார்வையில் மேலே வந்துவிடும். பக்கத்தில் அம்மாவை உட்காரவைத்து நிறம் விழுந்த பெயர்களை மட்டும் வாசித்தால் போதும். எந்தச் செல்வம் எந்த ஊர் என்று அவர் சொல்லிவிடுவார்.

எனவே கவுன்ட்-இஃப்பால் சலித்து, பெயர்களைச் சீர்செய்த பிறகே தொகையை எடுத்துவரும் ஃபார்முலாவுக்குப் போவது சரி. பெயரையும் ஊரையும் சேர்த்து ஒரு தனி நெடுவரிசை வைத்துத் தேடினால் தடுமாற்றம் பாதி குறையும். செல்பேசி எண் இருந்தால் இன்னும் நல்லது. ஆனால் ஒரு பட்டியலில் எண்ணாகவும் மற்றதில் எழுத்தாகவும் பதிந்திருந்தால் வி-லுக்அப் அவற்றை ஒன்றாக ஏற்காது. அடுத்த விசேஷத்தில் மொய் எழுதும் மேசையில் உட்காருபவரிடம் பெயர், ஊர், தொகையோடு பத்து இலக்கச் செல்பேசி எண்ணையும் கேட்டு எழுதச் சொல்லுங்கள்.