கொலைப்பூச்சித் திகில் திரைப்படங்கள்

கொலைப்பூச்சித் திகில் திரைப்படங்கள் என்பவை எறும்பு, தேனீ, ஈ, கரப்பான் போன்ற பூச்சிகள் மனிதரைத் தாக்குவதைக் கருவாகக் கொண்ட திரைப்படங்கள் ஆகும். இவை திகில், அறிபுனை ஆகிய இரு வகைகளுக்கும் பொதுவானவை. சிலந்தி எட்டுக் கால்கள் உடையது. எனவே அறிவியல் நோக்கில் அது பூச்சி அன்று. எனினும் 1955 இல் வெளியான தரந்துலா போன்ற சிலந்திப் படங்களும் வழக்கமாக இவ்வகையில் சேர்க்கப்படுகின்றன.

வரலாறு

இவ்வகைக்கு முன்னோடியாகக் கருதப்படுவது கோர்டன் டக்ளசு இயக்கிய தெம்! (1954) என்னும் அமெரிக்கத் திரைப்படமாகும். 1945 இல் நியூ மெக்சிகோவில் நிகழ்ந்த அணுகுண்டுச் சோதனையின் கதிரியக்கத்தால் எறும்புகள் பேருருக் கொள்வதாக இதன் கதை அமைந்தது. அணு ஆயுதம் பற்றிய அக்கால மக்களின் அச்சமே எறும்பு வடிவில் திரைக்கு வந்தது எனலாம்.

1956 இல் ஆப்பிரிக்கத் தேனீக்கள் ஆய்வுக்காகப் பிரேசிலுக்குக் கொண்டுவரப்பட்டன. மறு ஆண்டு அவற்றுட் சில கூட்டங்கள் தப்பிச் சென்று, உள்ளூர்த் தேனீக்களுடன் கலந்து, அமெரிக்கக் கண்டமெங்கும் பரவத் தொடங்கின. இச்செய்தி எழுப்பிய அச்சத்தின் பின்னணியில் இர்வின் ஆலன் இயக்கிய தி சுவார்ம் (1978) வெளியானது.

குறிப்பிடத்தக்க பிற திரைப்படங்கள்

- தி நேக்கட் சங்கிள் (1954) - தோட்டத்தை அழிக்கும் படை எறும்புகள்
- தி ஃபிளை (1958, மறுவாக்கம் 1986) - ஈயுடன் கலந்துவிடும் அறிவியலாளர்
- ஃபேசு ஃபோர் (1974) - கூட்டறிவு பெற்ற எறும்புகள்
- மிமிக் (1997) - மனித உருவைப் போலி செய்யும் பூச்சிகள்

தமிழில்

எஸ். எஸ். ராஜமௌலி இயக்கத்தில் தமிழிலும் தெலுங்கிலும் 2012 சூலை 6 அன்று வெளியான நான் ஈ இக்கருவுக்கு மிக நெருங்கிய திரைப்படமாகும். தமிழ் வசனத்தைக் கிரேசி மோகன் எழுதினார். நானி, சமந்தா, சுதீப் ஆகியோர் நடித்தனர். கொலையுண்ட காதலன் ஈயாக மறுபிறவி எடுத்துக் கொலையாளியைப் பழிவாங்குகிறான். மேலைநாட்டுப் படங்களில் பகையாக வரும் பூச்சி இங்கு நாயகனாகிறது. அச்சம் தீயவனுக்கு மட்டுமே உரியதாகிறது. ஈ பேருருக் கொள்வதில்லை. உறங்கவிடாமல் ரீங்கரிப்பதே அதன் முதல் ஆயுதம். இதன் தெலுங்கு வடிவமான ஈகா சிறந்த தெலுங்குத் திரைப்படத்திற்கான தேசிய விருதைப் பெற்றது.

அறிவியல் நோக்கு

பூச்சி ஒன்றின் நீளம் பத்து மடங்கானால் அதன் எடை ஆயிரம் மடங்காகும்; காலின் குறுக்குப் பரப்போ நூறு மடங்கே ஆகும். எனவே பேருருக் கொண்ட எறும்பால் தன் உடலைத் தாங்க இயலாது. மேலும், பூச்சிகளுக்கு நுரையீரல் இல்லை. நுண்குழாய்கள் வழியாகவே காற்று உடலினுள் செல்கிறது. பெரிய உடலுக்கு இம்முறை போதாது.

மனிதருக்குப் பேரிழப்பை உண்டாக்கும் பூச்சி கொசுவே. மலேரியாவால் மட்டும் உலகில் ஆண்டுதோறும் ஐந்து இலட்சத்திற்கும் மேற்பட்டோர் இறக்கின்றனர். மலேரியாவைப் பரப்புவது அனோபிலிசு கொசு என்பதற்கான சான்றை ரொனால்டு ராசு 1897 இல் செகந்திராபாத்தில் கண்டறிந்தார். இராமநாதபுரம் மாவட்டத்தின் இராமேசுவரம் தீவு மலேரியா நெடுங்காலமாகக் காணப்பட்டுவந்த கடலோரப் பகுதிகளுள் ஒன்றாகும். அங்கு இந்நோயைப் பரப்பும் கொசு கிணறுகளிலும் தண்ணீர்த் தொட்டிகளிலும் முட்டையிடுவது. திரையில் பூச்சியை வெல்லப் பீரங்கியும் தீயும் தேவைப்படுகின்றன. இக்கொசுவைத் தடுக்கத் தொட்டியை மூடிவைத்தலே முதற்படியாகும்.