இரைப்பைக்கு ஒரு வளையம்

மிகுந்த உடற்பருமனால் அல்லற்படுவோரின் உணவளவை அறுவை மருத்துவத்தால் குறைக்க முடியுமா? 1966-இல் அமெரிக்காவின் அயோவா பல்கலைக்கழகத்தில் எட்வர்டு மேசன் இதற்கு ஒரு வழி கண்டார். இரைப்பையைப் பிரித்து, அதன் சிறிய மேற்பகுதியை நேரே சிறுகுடலுடன் இணைத்தார்.

இரைப்பையை வெட்டாமலே இதைச் சாதிக்க இயலாதா? 1986-இல் நியூஜெர்சியில் லுபோமிர் குஸ்மாக், இரைப்பையின் மேற்பகுதியைச் சுற்றி சிலிக்கோன் வளையம் ஒன்றைப் பொருத்தினார். வளையத்தின் உட்புறம் ஒரு பலூன் உண்டு. தோலுக்கடியிலுள்ள சிறு குமிழ் வழியே ஊசியால் உப்பு நீரைச் செலுத்தினால் வளையம் இறுகும். நீரை எடுத்தால் தளரும். 1993-இல் பெல்ஜியத்தில் மிதிகு பெலாச்சு, வயிற்றில் சிறு துளைகளே இட்டு இதைப் பொருத்திக் காட்டினார்.

வளையத்துக்கு மேலுள்ள பை எவ்வளவு கொள்ளும் தெரியுமா? சுமார் 15 முதல் 30 மில்லிலிட்டர்தான்! எனவே ஒரு வேளைக்கு ஏறத்தாழ அரைக் கோப்பை முதல் ஒரு கோப்பை உணவை, சிறு கவளங்களாக நன்கு மென்று, மெதுவாக உண்ண வேண்டும். மிஞ்சினால் வாந்தி வரும். நாளடைவில் பை விரியலாம், வளையமும் நழுவலாம்.

ஆனால் இனிப்புப் பானமும் ஐஸ்கிரீமும் வளையத்தை எளிதில் கடந்துவிடும். அவற்றையே நாடியவர்களின் எடை குறையவில்லை. இன்று இரைப்பையின் பெரும்பகுதியை நீக்கும் அறுவையே மிகுதியாகச் செய்யப்படுகிறது. அதற்குப் பின்னும் அளவறிந்து உண்ணும் பழக்கம் தேவை என்பதை மறவாதீர்கள்.